குப்பை மதிப்பு என்று ஒன்று இல்லை

பொறியியல் இரண்டாம் ஆண்டு, 2008. சி லேப். டர்போ சியின் நீலத்திரை. ஒரு மாறியை அறிவித்துவிட்டு அதில் எதுவும் போடாமல் அச்சிட்டால் என்ன வருகிறது என்று பார்ப்பது அன்றைய பயிற்சி. எனக்கு மைனஸ் எட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. பக்கத்து சீட்டுக்காரனுக்கு வேறு எண். "சார், இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டேன். "அது கார்பேஜ் வேல்யூப்பா. ரெக்கார்டுல அப்படியே எழுதிக்கோ" என்றார். எழுதினேன். செமஸ்டரிலும் அது இரண்டு மார்க் கேள்வியாக வந்தது. அங்கும் எழுதி இரண்டையும் வாங்கினேன்.

அந்த இரண்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஏனென்றால் அந்த விடை தவறு. படித்து முடித்த நாளிலிருந்து இயங்குதளங்களின் கர்னலில்தான் வேலை பார்க்கிறேன். நூற்றுக்கணக்கான முறை செத்துப்போன கர்னலின் மெமரியைத் திறந்து பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் எழுதாத ஒரு பைட்டைப் பார்ப்பது அபூர்வம். யார் எழுதியது என்று எனக்குத் தெரியாத பைட்டுகள்தான் நிறைய. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு தலைமுறைப் பொறியாளர்களை வளர்த்துவிட்டோம் என்பதுதான் என் புகார்.

அந்த மைனஸ் எட்டாயிரம் எங்கிருந்து வந்தது? ஒரு ஃபங்ஷன் ஓடும்போது அதற்குத் தற்காலிகமாகக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. முடிந்ததும் அந்த இடம் அடுத்த ஃபங்ஷனுக்குப் போகிறது. நடுவில் யாரும் துடைப்பதில்லை. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சீட்டில் விட்டுப்போன டிக்கெட் மாதிரி, முந்தைய வேலையின் எண் அங்கேயே கிடக்கிறது. நாங்கள் அன்று ஓட்டியது டாஸ் காலத்துச் சூழல். அங்கே முந்தைய பேட்ச் ஓட்டிய புரோகிராமின் மிச்சம்கூடக் கிடக்கலாம். இன்றைய லினக்ஸில் அதற்கும் வழியில்லை. ஒரு புரோகிராமுக்குப் புதிதாக மெமரி தரும்போது கர்னல் அதைப் பூஜ்யமாக்கித்தான் தருகிறது, ஒருவருடைய ரகசியம் இன்னொருவர் கையில் போய்விடக்கூடாது என்பதற்காக. ஆக, இன்று ஒரு மாணவி அதே பயிற்சியைச் செய்து விசித்திரமான எண் ஒன்றைப் பார்த்தால், அதை எழுதியது அவளுடைய புரோகிராமேதான். மெயின் தொடங்குவதற்கு முன்னால் ஓடும் தொடக்க வேலைகளோ, அதற்கு முன் அழைத்த ஃபங்ஷனோ எழுதியது. "கார்பேஜ்" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டால், ஒரு கணினி எப்படி ஓடுகிறது என்ற கதையின் முதல் பக்கத்தையே கிழித்துவிட்டோம் என்று அர்த்தம்.

லேப் ரெக்கார்டோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தச் சொல் ஆபீசுக்கும் வந்தது. ஒருத்தியின் வேலைக்கு உலை வைத்தது.

*

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனம் கார்களுக்கான திரைப்பெட்டி செய்துகொண்டிருந்தது. பாட்டு, வரைபடம், போனை புளூடூத்தில் இணைப்பது எல்லாம் அதில். உள்ளே லினக்ஸ். இந்தியச் சாலைகளில் ஓடும் கார்கள். சோதனைக்குப் போன சில கார்களில் பெட்டி திடீரென்று அணைந்து மறுபடி எழுந்தது. எந்த நேரத்தில், எதற்காக என்று ஒரு ஒழுங்கும் இல்லை. கர்னல் செத்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

கர்னல் சாகும்போது சில வரிகள் எழுதிவைத்துவிட்டுப் போகும். எந்த ஃபங்ஷனில் இருந்தபோது விழுந்தது, அதை அழைத்தது யார், அப்போது கையில் இருந்த எண்கள் என்னென்ன. அந்தப் பட்டியலில் மேலே இருந்தது, இணைப்பு விட்டுப்போன போனைப் பட்டியலிலிருந்து நீக்கும் ஃபங்ஷன். அதை எழுதியவள் சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஒரு பெண். இன்னும் புரொபேஷனில் இருந்தாள்.

மீட்டிங்கில் இரண்டு கட்சி. ஒன்று "ஹார்டுவேர் இஷ்யூ, ரேம் போயிருக்கு". இன்னொன்று "அவ கோட்லதானே விழுது". இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: "மெமரில குப்பை இருக்கு." விழுந்த இடத்தில் இருந்த முகவரி எந்த மெமரிக்கும் பொருந்தாத ஒரு எண். அதைப் பார்த்தவுடன் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

சென்னையில் மழைக்காலத்தில் சாயங்காலம் ஒருவர் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். ராத்திரி ஒருத்தி அதில் விழுகிறாள். காலையில் கூடும் கூட்டம், "நீ ஏம்மா அந்தப் பக்கம் நடந்தே?" என்று அவளிடம் கேட்கிறது. மெமரி சிதைந்து கர்னல் விழும்போது நடப்பது இதுதான். சிதைத்தவன் எப்போதோ வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பான். ட்ரேஸில் பெயர் வருவது மிதித்தவளுக்கு. இது கர்னல் வேலையில் பாலபாடம். அந்த அறையில் இருந்த பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. அன்று நானும் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய புரொபேஷனை மூன்று மாதம் நீட்டித்துக் கடிதம் வந்தது. காரணம், "கோட் குவாலிட்டி".

*

அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. செத்த கர்னலின் மெமரியை முழுசாக எடுத்துப் பார்க்க கேடம்ப் என்று ஒரு வழி லினக்ஸில் இருக்கிறது. சின்னதாக இரண்டாவது கர்னல் ஒன்றை மெமரியின் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருப்போம். முதல் கர்னல் செத்ததும் அது எழுந்து, செத்ததின் மெமரியை அப்படியே கோப்பில் சேமித்துவிடும். எங்கள் பெட்டியில் அதை அணைத்து வைத்திருந்தார்கள், இடம் வீணாகிறது என்று. அதைச் சோதனைப் பெட்டி ஒன்றில் போட அனுமதி வாங்கவே ஒரு வாரம் ஆனது. பிறகு பெட்டி விழுந்தது. கோப்பு கிடைத்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

விழுந்த முகவரியைச் சுற்றி இருந்த முப்பத்திரண்டு பைட்டுகள் இவை. ஹெக்ஸில் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் இலக்கங்கள்தான். போனில் ஒருவருக்கொருவர் எப்படி வாசித்துக் காட்டுவோமோ அப்படியே எழுதுகிறேன்:

ஈ0 ஏஈ 85 ஈ0 ஏஈ ஏஈ ஈ0 ஏஎஃப் 8டி ஈ0 ஏஈ ஏஈ ஈ0 ஏஈ பிஈ 20

ஈ0 ஏஈ ஏஏ ஈ0 ஏஎஃப் 8பி ஈ0 ஏஈ ஏ9 ஈ0 ஏஎஃப் 8டி 00 88 எஃப்எஃப் எஃப்எஃப்

முதல் வரி போனின் பெயருக்கான இடம், பதினாறு பைட். இரண்டாவது வரியில் இரண்டு முகவரிகள் இருக்க வேண்டும், பட்டியலில் அடுத்த போன் எங்கே, முந்தைய போன் எங்கே என்று. பைட்டுகளைக் காட்டும் கருவி வலது ஓரத்தில் அவற்றையே எழுத்தாகவும் காட்டும். ஆங்கில எழுத்தாக இருந்தால் எழுத்து வரும். இல்லையென்றால் புள்ளி. எங்களுக்கு வந்தது புள்ளி, புள்ளி, புள்ளி. பெயர் இருக்க வேண்டிய இடத்திலேயே புள்ளிகள்தான் என்பதால் "பேரே போயிடுச்சு, அப்ப மொத்த ரேமும் காலி" என்ற கட்சிக்கு இது இன்னும் வசதி.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, முதல் வரி கடைசில ஒரு 20 இருக்கே. அது ஸ்பேஸ்தானே?"

"ஆமாம்மா."

"குப்பைல ஒரே ஒரு ஸ்பேஸ் எப்படி வரும்? ஸ்பேஸ் இருந்தா ரெண்டு பக்கமும் வார்த்தை இருக்கணுமே."

பிறகு பார்த்தால் எல்லாம் கண்ணில் பட்டது. மூன்று பைட்டுக்கு ஒருமுறை ஈ0 வருகிறது. இன்று உலகம் முழுக்க எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல், தேவநாகரியிலிருந்து மலையாளம் வரை நம் எழுத்துகள் எல்லாம் ஈ0வில் தொடங்கும் மூன்று மூன்று பைட்டுகள். அதற்கடுத்து ஏஈ அல்லது ஏஎஃப் வந்தால் அது தமிழ். 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் இதை வடிவமைத்தபோது, எந்த பைட்டைப் பார்த்தாலும் அது ஓர் எழுத்தின் தொடக்கமா, தொடர்ச்சியா என்று தெரியும்படி செய்தார்கள். அதனால்தான் கிழிந்த துண்டிலிருந்தும் வாசிக்க முடிகிறது. பைட்டுகளை எடுத்துப் போட்டோம். திரையில் வந்தது:

அம்மா போன்

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மீதிக்கதை சின்னது. பெயரைப் பெற்றுத் தரும் மேல்நிலை மென்பொருள், பதினைந்து எழுத்துக்கு மேல் போகாமல் வெட்டுகிறது. அது எண்ணும் விதத்தில், புள்ளியும் துணைக்கால்களும் இடைவெளியும் சேர்த்து, "அம்மா போன்" பத்து. தாராளமாக உள்ளே வரும். ஆனால் கர்னலில் இருந்த எங்கள் டிரைவர் எண்ணுவது பைட்டை. அது இருபத்தெட்டு, முடிவைக் குறிக்கும் பூஜ்யத்தோடு இருபத்தொன்பது. இருந்த இடம் பதினாறு. "அம்மா", இடைவெளி இரண்டும் இடத்துக்குள் சரியாக அடங்கிவிட்டன. "போன்" வழிந்து பக்கத்து அறைக்குப் போனது. முதல் முகவரியை முழுசாக அழித்தது. இரண்டாவதில் ஐந்து பைட்டை அழித்தது. கடைசியில் இருக்கும் 88 எஃப்எஃப் எஃப்எஃப் மட்டும் பழைய முகவரியின் மிச்சம். அந்த இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு கர்னல் முகவரி மாதிரியே இருக்கும். ஆனால் ஒற்றைப்படையில் முடிகிறது. அந்த இடத்தில் வரும் முகவரி எட்டால் வகுபட வேண்டும். அதுவும் ஒரு சாட்சிதான், கேட்க ஆள் இருந்தால்.

பெயர் உள்ளே வந்த அந்த நிமிடம் எதுவும் விழவில்லை. எப்போதோ அந்த போனின் இணைப்பு விடும்போதுதான், அதைப் பட்டியலிலிருந்து நீக்கப்போன ஃபங்ஷன் அழிந்த முகவரியை மிதிக்கிறது. அவளுடைய ஃபங்ஷன். காசன் என்று மெமரிச் சிதைவைப் பிடிக்கும் கருவி லினக்ஸ் கர்னலில் உண்டு. அதையும் ஓட்டியிருந்தார்கள், "க்ளீன்" என்று வந்தது. ஒரே பொருளுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வழிந்தால் காசனுக்குத் தெரியாது. கருவி பேசாததை "கோட் சுத்தம், ஹார்டுவேர்தான்" என்று படித்தார்கள்.

திருத்தம் நான்கு வரி. நிறுவனத்தின் அறிக்கையில் மூலகாரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: "எதிர்பாராத உள்ளீடு."

இந்தியாவில் விற்கும் காரில், ஒருவர் தன் அம்மாவின் போனுக்குத் தமிழில் பெயர் வைப்பது எதிர்பாராத உள்ளீடு! சோதனைப் பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாம் ஆங்கிலம். இங்கே பிறந்து, வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற நாற்பது பேர் சேர்ந்து தயாரித்த பட்டியல் அது. வெள்ளைக்காரன் மேல் பழியைப் போட வழியே இல்லை. நம் எழுத்தைப் புள்ளிகளாகக் காட்டும் கருவியை நாமே வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளைக் குப்பை என்று நாமே முடிவு செய்தோம். அவளுடைய கடிதம் திரும்பப் பெறப்படவில்லை. "ப்ராசஸ் முடிஞ்சிடுச்சு" என்றார்கள்.

*

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். முதலாவது: "ஹார்டுவேர் தப்பே பண்ணாதா?" பண்ணும். சிப்பை மூடியிருக்கும் பொருளில் இருந்த கதிரியக்கமே பிட்டுகளைத் திருப்பிவிடுகிறது என்பதை 1970களின் இறுதியிலேயே இன்டெலின் மேயும் வுட்ஸும் காட்டிவிட்டார்கள். கூகுளின் இயந்திரங்களை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில் ஒரு மெமரிப் பிழையாவது பதிவாகியிருந்தது. நான் இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் ஹார்டுவேர் தவறுக்கும் ஒரு கையெழுத்து உண்டு. 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சாத்தியமே இல்லாத அளவுக்கு ஓட்டு விழுந்திருந்தது. மறுபடி எண்ணிப் பார்த்தால் கூடுதல் சரியாக 4096. அது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரே ஒரு பிட் திரும்பியிருந்தால் வரக்கூடிய எண். அதனால்தான் பிட் திரும்பியிருக்கலாம் என்ற விளக்கத்துக்கே அங்கே இடம் வந்தது. அந்த விளக்கமும் ஓர் எண்ணை வாசித்ததால் கிடைத்தது. எங்கள் மீட்டிங்கில் ரேம் என்று சொன்னவர் ஒரு பைட்டையும் பார்க்கவில்லை. விண்வெளிக் கதிர் வந்து தமிழ் எழுதிவிட்டுப் போகாது.

இரண்டாவது பதில்: "ரீஸ்டார்ட் பண்ணா ஓடுதுல்ல? கஸ்டமருக்கு அதுதானே வேணும்?" இதில் நியாயம் இருக்கிறது. ஒரு மருத்துவமனையின் சர்வர் ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்தால், முதலில் எழுப்புங்கள். யாரும் அங்கே உட்கார்ந்து ஹெக்ஸ் படிக்கச் சொல்லவில்லை. ஆனால் எழுப்புவதற்கு முன் செத்ததின் மெமரியைச் சேமித்துவிட்டு எழுப்ப ஏற்பாடு இருக்கிறது, செலவு கொஞ்சம் இடமும் கொஞ்சம் நேரமும். அந்த ஏற்பாட்டை அணைத்து வைத்துவிட்டு, "ஆதாரம் இல்லை" என்று சொல்லி ஒரு ஜூனியரின் தலையில் கட்டுவதைத்தான் நான் அயோக்கியத்தனம் என்கிறேன்.

மூன்றாவது பதில் கொஞ்சம் மென்மையானது: "இதெல்லாம் ஆழமான விஷயம், எல்லாராலும் படிக்க முடியாது." படிக்கக்கூடாது என்று நினைத்திருந்தால் நம் முன்னோடிகள் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். சோலாரிஸில் பிழைதேடும் வசதியைப் போட்டால், விடுவித்த மெமரி முழுக்க டெட்பீஃப் என்று படிக்கக்கூடிய எண்ணால் நிரம்பும். கொடுத்தும் இன்னும் எழுதாத இடத்தில் பேட்கஃபே. செத்த மாட்டிறைச்சி, மோசமான காபிக்கடை. ஹெக்ஸின் ஆறு எழுத்துகளுக்குள்ளேயே விளையாடி வைத்த பெயர்கள். லினக்ஸில் அதே வேலையை 6பி செய்கிறது. ஒரு முகவரி முழுக்க 6பி 6பி 6பி என்று இருந்தால், யாரோ திருப்பிக் கொடுத்த இடத்தை யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். பட்டியலிலிருந்து நீக்கியதற்கும் தனி அடையாள எண் இருக்கிறது. இந்தப் பட்டியல் முழுவதும் கர்னலின் மூலநிரலில் ஒரே ஒரு சின்னக் கோப்பில் கிடக்கிறது. பாய்சன் என்பது அதன் பெயர். பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். என்றோ ஒருநாள் யாரோ ஒருத்தி விழுந்த மெமரியைத் திறந்து பார்ப்பாள், அவளுக்குப் புரிய வேண்டும் என்று எழுதிவைத்தவை அவை. திறந்தே பார்க்காத நமக்குத்தான் அது ஆழம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் குப்பை என்று விட்டதைப் படிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. சர்வரிடம் ஒரு குறிப்பிட்ட விதத்தில் கேட்டால், அது தன் மெமரியிலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை, அங்கே என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே அள்ளிக் கொடுத்தது. கிடந்தவற்றில் கடவுச்சொற்கள் இருந்தன, ரகசியச் சாவிகள் இருந்தன. பொறியாளன் படிக்க மறுத்ததைத் திருடன் உட்கார்ந்து படிப்பான். அவனுக்குப் பொறுமை அதிகம்.

*

இலக்கியம் படிக்கிற உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? "எனக்கு டெக்னாலஜி வராதுப்பா" என்று பெருமையாகச் சொல்கிற நண்பர்கள் உங்களில் நிறைய. மறுபக்கம், "எனக்கு இந்த இலக்கியமெல்லாம் வராது ப்ரோ" என்று பெருமையாகச் சொல்கிற சகாக்கள் என் ஆபீஸில். இரண்டு பெருமையும் ஒன்றேதான். எதிரில் இருப்பது யாரோ எழுதியது என்பதை ஏற்க மறுக்கும் சோம்பல்.

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகைக் கல்வெட்டு 1882இல் கண்ணில் பட்டது. எழுத்து பிராமி என்று தெரிந்தது, ஆனால் மொழி பிடிபடவில்லை. 1924இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர், அதில் வட இந்தியக் கல்வெட்டுகளில் இல்லாத ழ, ள, ற, ன எழுத்துகள் இருப்பதைக் கவனித்து, மொழி தமிழ் என்று வாசித்தார். நாற்பது வருடம் கல் அதேதான், கீறல் அதேதான். இந்தக் கதையைச் சொன்னால் நாம் எல்லோரும் புல்லரித்துப் போகிறோம். அதே ஊரில், அதே மொழியில், கணினிக்குள் எழுதியிருந்ததைக் காட்டினால் "ரேமை மாத்து" என்கிறோம்.

சி சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த முறை ஒரு மாணவி "இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டால் கார்பேஜ் என்று சொல்லாதீர்கள். "யாரோ எழுதியதுதான், யார் என்று பார்ப்போம் வா" என்று சொல்லுங்கள். நேரமில்லை என்றால் "எனக்குத் தெரியலம்மா" என்றாவது சொல்லுங்கள். அதற்கும் ரெக்கார்டில் இடமிருக்கிறது.

அவள் அந்த வருடமே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்குக் கீழே இப்போது ஆறு பேர். போன மாதம் பேசியபோது, தன் குழுவின் சோதனைப் பட்டியலில் முதல் பெயர் "அம்மா போன்" என்றாள். இரண்டாவது மலையாளத்தில், மூன்றாவது இந்தியில், ஆங்கிலம் நான்காவதாம்.

"விழுந்துச்சா?" என்று கேட்டேன்.

"முதல் நாளே அண்ணா" என்றாள்.